காய்க்காத மிளகாய்த் தோட்டத்தில் ஒரு படம்

பத்து காவான் என்ற ஊரில் இருக்கும் சித்தப்பாவின் மிளகாய்த் தோட்டத்துக்கு, நான் வேலை பார்க்கும் சோயாப்பால் தொழிற்சாலையின் சுத்திகரித்த கழிவுநீரைப் பாய்ச்சலாம் என்று யோசனை சொன்னது நான்தான். நீரிலேயே தழைச்சத்து இருக்கிறது, உரச் செலவு மிச்சம் என்றேன். எனக்காகத்தான் அவர் ஒத்துக்கொண்டார். அந்தப் பருவத்து விளைச்சல்தான் அவருடைய வருமானம்.

செடிகள் என் இடுப்புக்கு மேல் வளர்ந்தன. இலைகள் கரும்பச்சை. பூக்கள் மட்டும் நிற்காமல் உதிர்ந்தன. தீவில், டத்தோ கிராமாட் பகுதியில் இருக்கும் என் வீட்டில் உட்கார்ந்து காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கினேன்: பூச்சி இல்லை, வேர் அழுகவில்லை, பெருமழை இல்லை. மிஞ்சியது என் கணக்கு. பயிர் உடனே எடுத்துக்கொள்ளும் தழைச்சத்தை மட்டும் கணக்கில் எடுத்திருந்தேன். நீரில் கரைந்து வரும் சோயாப் புரதம் மண்ணில் மெல்ல மக்கி, பிறகும் தழைச்சத்தை விட்டுக்கொண்டே இருக்கும். அதைச் சேர்க்கவில்லை. தழைச்சத்து மிஞ்சினால் செடி இலையாகவே வளரும், பூ தங்காது.

இதற்குள் எங்கள் மேலாளர், தொழிற்சாலை விளம்பரத்துக்காகத் தோட்டத்தைப் படமெடுக்க வருவதாகச் சித்தப்பாவிடம் போனில் சொல்லிவிட்டார். அவருக்கு முன்னால் போய்ச் சித்தப்பாவிடம் விஷயத்தைச் சொல்லக் கிளம்பினேன். தீவிலிருந்து அக்கரைக்குப் போகும் பாலத்தில் நெரிசல். நான் சேர்ந்தபோது மேலாளர் செடிகளுக்கு நடுவே நின்றிருந்தார்.

"என்னா பச்சைண்ணே! உங்க அண்ணன் பொண்ணு கெட்டிக்காரிதான் லா."

"நம்ம புள்ளையாச்சே," என்றார் சித்தப்பா.

"காய் எங்க?"

"இப்பதான் பறிச்சோம்." கூடை நிறைய மிளகாயை நீட்டினார். எல்லாமே காம்பு வாடியவை.

சித்தி என் காதருகே வந்தார். "காலையிலேயே பாசாருக்கு ஓடிட்டாரு. ஆளுங்க முன்னாடி உன்னைய விட்டுக்கொடுக்க மாட்டாராம். மிளகா போடுற மனுசன் மிளகா வாங்குறாரேன்னு கடைக்காரன் சிரிச்சானாம்."

கூடையை என் கையில் கொடுத்துப் படத்துக்கு நிற்கச் சொன்னார்கள். 

"சார், இது இந்தத் தோட்டத்துக் காய் இல்ல. பாசார்ல வாங்குனது. தண்ணியில தழைச்சத்து அதிகமாயிடுச்சு. என் கணக்குதான் தப்பு."

சொல்லிவிட்டால் மனம் லேசாகும் என்று நினைத்திருந்தேன். சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தேன். எல்லோர் முன்னாலும் பொய்யில் பிடிபட்டு நின்றவர் அவர்தான்.

மேலாளர் கேமராவை உறையில் போட்டார். சித்தப்பா என்னைப் பார்க்காமல், கழிவுநீர் வரும் குழாயடிக்குப் போய்க் குனிந்தார்.

"எவ்வளவு நாளைக்கும்மா மூடி வைக்கணும்?"

"மண்ணைச் சோதிச்சுட்டுத்தான் சொல்ல முடியும் சித்தப்பா."

சரி என்று தலையாட்டி, குழாயை இறுக மூடினார்.