கேழ்வரகு மாவு பூசிய மூடி

என் மகள் வாங்கித் தந்த ஸ்லோ குக்கருக்குக் கண்ணாடி மூடி. உள்ளே பன்றிக்கறி காலையிலிருந்து வெந்துகொண்டிருக்கிறது. மூடியின் உட்புறம் நீர் முத்து முத்தாகத் திரண்டு, கனம் தாளாமல் சொட்டுகிறது. நடுவில் திறக்கக் கூடாது என்று கூட வந்த தாளில் அச்சிட்டிருக்கிறார்கள். எனக்கு அந்தத் தாள் தேவைப்படவில்லை.

இளம் வயதில் புதூர்நாட்டுப் பக்கம் ஒரு மலைச் சிற்றூரில் செவிலியாக இருந்தேன். ஆண்டு எழுபத்தொன்பதா எண்பதா என்று நெடுநாள் குழம்பியிருக்கிறேன். ஊருக்குள் ஜீப் வரத் தொடங்கிய பிறகு நடந்தது என்பதால் எண்பது என்றே கொள்கிறேன். மாதம் மாசி, புளி உலுக்கிக்கொண்டிருந்தார்கள், அதில் ஐயமில்லை. நான் குடியிருந்தது ஒரு விதவையின் வீட்டில். அவரை வீட்டுக்கார அம்மா என்றே அழைப்பேன். ஒரே மகனும் கொஞ்சம் சாமைக் கொல்லையும்தான் அவருக்கு.

அந்த மகனுக்குப் பெண் பேசி முடிக்கும் விருந்து. அவ்வூரில் அதற்கொரு முறை இருந்தது. விருந்துப் பன்றி மாப்பிள்ளை வீட்டுக் கழுநீர் குடித்து வளர்ந்ததாக இருக்க வேண்டும். பெண்ணின் தாய்மாமன் முதலில் உண்டு, கறியை மறுபடி கேட்க வேண்டும். கேட்டால் சம்மதம். கேட்காமல் இலையை மடித்தால் எல்லாரும் எழுந்துவிடுவார்கள். முன்பு வந்த ஒரு சம்பந்தம் அப்படித்தான் போயிற்று. இந்தப் பெண்ணையோ அவனே ஒடுகத்தூர்ச் சந்தையில் பார்த்து மனத்தில் வைத்திருந்தான். "இதுவும் போச்சுன்னா அவன் மலைய வுட்டே போய்டுவாம்மா" என்று வீட்டுக்கார அம்மா என்னிடம் சொல்லியிருந்தார்.

விருந்துக்கென்று வளர்த்த இளம்பன்றி காய்ச்சலில் செத்துப்போனது. எஞ்சியது பலமுறை குட்டி போட்ட கிழட்டுத் தாய்ப்பன்றி. அதன் கறி தோல்வார்போல் இருக்கும் என்று ஊரே அறியும். வரப்போகும் தாய்மாமனுக்கோ வாயில் பல்லே கிடையாது.

விருந்தன்று விடியலிலேயே வீட்டுக்கார அம்மா பள்ளத்தில் புளியங்கட்டைத் தணலைப் பரப்பி, மேலே சாம்பல் மூடினார். பெரிய மண்சட்டியின் அடியில் மூங்கில் சிம்புகளை அடுக்கி, எலும்போடு பெரிய துண்டுகளை வைத்து, உப்பும் மிளகாயும் பூண்டும் தட்டிப் போட்டார். துளி நீர் ஊற்றவில்லை. மூடியைச் சுற்றிக் கேழ்வரகு மாவைப் பிசைந்து அப்பி அடைத்தார். சட்டியைப் பள்ளத்தில் இறக்கிச் சுற்றிலும் சாமை உமியைக் கொட்டினார். உமி எரியாது, புகையும். அந்தப் புகைச்சல்தான் அவர் வைத்த தீ.

உச்சிப்பொழுதில் பெண் வீட்டார் வந்துவிட்டார்கள். சட்டி மூடியே கிடந்தது. வீட்டுக்கார அம்மாவின் கொழுந்தனாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. "அண்ணி, நெருப்ப ஏத்துனா வெந்துடாது?" என்று குனிந்து ஊதியேவிட்டார். தணல் சிவந்தது, மாவில் விரிசல் விட்டு நெய்யாவி சீறியது. வீட்டுக்கார அம்மா அவரைத் தள்ளிவிட்டு, ஈரமாவை எடுத்து வெறும் விரலால் ஆவியின் மேலேயே அப்பினார். "போய் வந்தவங்கள பாரு. இத நான் பாத்துக்கறேன்."

மாமன் பாயிலிருந்தே குரல் கொடுத்தார்: "இன்னாம்மா, பன்னி இன்னும் மேயப் போய்தான் கீதா?"

"வர்ற வழியிலதான் கீது மாமா. வயசான கட்ட, உங்கள மாதிரியே மெள்ளதான் வரும்."

பாயிலிருந்தவர்கள் சிரித்தார்கள். மாமன் சிரித்தாரா என்று நான் பார்க்கவில்லை. வீட்டுக்கார அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். புறங்கையைச் சட்டியின் வயிற்றில் வைப்பார், எடுப்பார், ஒரு பிடி உமியைத் தள்ளுவார். காய்ச்சல்காரர்களின் நெற்றியை எத்தனையோ முறை தொட்டவள் நான். அப்படித் தொட்டு அவ்வளவு நேரம் நான் காத்ததில்லை.

வெயில் சாய்ந்தபின் மாவைத் தட்டி உடைத்தார். மணம் எழுந்ததும் பாயிலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அகப்பையால் எலும்பைத் தொட்டார். அது வெள்ளையாக, தனியாக, கழுவி வைத்ததுபோல் அகப்பையோடு வந்தது. அந்தக் கிழட்டுக் கறி பலாச்சுளையைச் சுற்றிய சடைபோல் நார் நாராகப் பிரிந்து, தன் நெய்யிலேயே ஊறிக் கிடந்தது. வேறு எதையும் அவர் சேர்க்கவில்லை என்பதைக் கண்ணால் பார்த்தவள் நான். ஆனாலும் நம்ப முடியவில்லை.

மாமன் முதல் வாய் வைத்தார். ஈறுகள் இருமுறை அசைந்தன, நின்றன. மகன் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். மாமன் இலையை வழித்துத் தின்றுவிட்டு, அதன் ஓரத்தில் கைவைத்தார். மடிக்கப்போகிறார் என்றே நினைத்தேன். இலையை முன்னால் தள்ளினார்.

"இன்னாம்மா, அந்தக் கட்ட இன்னும் கொஞ்சம் கீதா?"

வீட்டுக்கார அம்மா அகப்பை நிறைய அள்ளி வைத்தார். அப்போதுதான் அவர் விரல்நுனிகள் கொப்பளித்திருந்ததைப் பார்த்தேன்.

என் சமையலறைச் சட்டிக்குச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரிகிறது. கறி பூவாய் வேகும், அதில் எனக்குக் கவலையில்லை. கூடத்திலிருந்து மகள், "ஆச்சாம்மா? திறந்து பார்க்கட்டுமா?" என்கிறாள். சூடான கண்ணாடியின் மேல் புறங்கையை வைத்துப் பார்க்கிறேன். அது எனக்கு ஒன்றும் சொல்லவில்லை.

"வேண்டாம். வர்ற வழியிலதான் கீது" என்கிறேன்.