ஸ்கேன் பார்த்த பிறகே சந்தோஷம்

கல்யாணமாகிப் பல வருடங்களாகியும் எனக்குக் குழந்தை இல்லை. கர்ப்பப்பையும் கருக்குழாய்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருப்பதாகச் சொல்லி, வயிற்றில் சிறு துளைகள் போட்டு அந்த ஒட்டுகளைப் பிரித்துவிட்டார்கள். சில மாதங்களில் நாள் தள்ளியது. வீட்டிலேயே பரிசோதித்ததில் இரண்டு கோடுகள் தெரிந்தன. திருவேட்டக்குடியில் எங்கள் தெரு முழுக்க என் மாமியார் சர்க்கரை கொடுத்துவிட்டார்.

அடுத்த வாரமே அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி. கணவர் கடலுக்குப் போயிருந்தார். "உண்டானா அப்படித்தான் இருக்கும் புள்ள, செத்த படு" என்றார் மாமியார். படுத்தேன். மதியத்துக்கு மேல் தோள்பட்டையும் வலித்தது. தண்ணீர் குடிக்க எழுந்தவள் கண் இருட்டி அடுப்படியிலேயே விழுந்தேன்.

"அய்யோ, மொகமெல்லாம் வெளுத்துப்போச்சே!" என்று அலறிய மாமியார், தெருவில் போன ஆட்டோவை மறித்து என்னைக் காரைக்காலுக்குக் கொண்டுபோனார். கரு குழாயிலேயே வளர்ந்து, குழாய் வெடித்து, வயிற்றுக்குள் ரத்தம் கொட்டியிருந்தது. தோள்பட்டை வலித்ததும் அதனால்தானாம். உடனே ஆபரேஷன் செய்து அந்தக் குழாயை எடுத்துவிட்டார்கள்.

மறுநாள், முன்பு ஒட்டுகளைப் பிரித்துவிட்ட அதே டாக்டரம்மா கேட்டார்: "நாள் தள்ளினா உடனே ஸ்கேனுக்கு வாங்கன்னு அப்பவே சொன்னேனேம்மா?"

"சந்தோஷத்துல தோணவே இல்லைங்க" என்றேன்.

ஒரு குழாய் மிச்சமிருக்கிறது, நம்பிக்கையும் இருக்கிறது என்கிறார்கள். எனக்குத்தான் அலுத்துவிட்டது. ஆனாலும் இப்போதெல்லாம் நாள் தள்ளினால் முதலில் டாக்டரிடம்தான் போகிறேன். கரு கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறது என்று ஸ்கேன் சொல்லும்வரை ஊருக்குச் சொல்வதாக இல்லை. மாமியாரோ, நான் வயிற்றைப் பிடித்தாலே போதும், "கெளம்பு புள்ள" என்று செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார்.

- ஒரு வாசகி, திருவேட்டக்குடி