ஒரே ஒரு டிரையர் இருந்தபோது

போன வாரம் வண்டன்மேட்டில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். பேச்சுக்கு நடுவில் அவருடைய கைபேசி சிணுங்கியது. "காய் காஞ்சிருச்சாம்" என்றார், எழுந்திருக்கக்கூட இல்லை. வீட்டுக்குப் பின்னால் சொந்தமாக டிரையர். அதுவே செய்தி அனுப்புகிறது. ஜன்னல் வழியாகக் காய்ந்த ஏலக்காயின் வாசனை வந்தது. எனக்கு மகேஸ்வரி ஞாபகம் வந்துவிட்டது. டீ ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை.

சொல்கிறேன், சிரிக்காதீர்கள். படித்து முடித்த கையோடு அதே ஊரில் ஓர் ஏலக்காய் ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்தேன். சிறு விவசாயிகள் பறித்த பச்சைக்காயைக் கொண்டுவந்து காயவைத்து வாங்கிப்போகும் இடம். கழுவும் தொட்டி, பாலிஷ் மிஷின், சலிக்கும் மிஷின் எல்லாம் பெரிசு. டிரையர் மட்டும் ஒன்றே ஒன்று. எல்லாம் அதன் வாசலில் வந்து முட்டிக்கொண்டு நிற்கும். ஒரு தொழிற்சாலையின் வேகம் அதன் மெதுவான மிஷினின் வேகம்தான் என்று கல்லூரியில் படித்ததை அங்கே கண்ணால் பார்த்தேன். யார் காய் முதலில், யார் காய் அப்புறம் என்று முறை போடுவது என் உத்தியோகம். மழைக்காலத்தில் அது பெரிய ரோதனை.

முறை வரும்வரை சும்மா உட்கார முடியாது. சாக்குக்குள்ளேயே கிடந்தால் காய் சூடேறி நிறம் போய்விடும். படுதாவில் கொட்டிப் பரப்பி, கையால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். அப்பாவுக்கு மூட்டுவலி என்று தோட்டத்துக் காயோடு ஜீப்பில் வந்து இறங்குவாள் மகேஸ்வரி. அவளுக்குக் கூடமாட ஆள் இல்லையா, நான் போய்விடுவேன். படுதாவின் அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். என்ன பெரிய பேச்சு? மழை, ஜீப், அவள் வீட்டுக் கன்றுக்குட்டி. மற்றவர்கள் காயை நான் கிளறியதாக நினைவில்லை.

ஒருநாள் ஒரு காயை எடுத்து நீட்டினாள். பச்சை வெளுத்து மஞ்சளடித்திருந்தது.

"இப்பிடி மஞ்சப் பூத்துப் போச்சுன்னா ஏலத்துல எவன் சார் சீந்துவான்? அப்பா முடியாத காலோட பாடுபட்டது சார்."

எனக்கு மனசு கேட்கவில்லை. முதலாளி பின்னாலேயே சுற்றி, படம் வரைந்து காட்டி, நச்சரித்து, இன்னொரு டிரையர் வாங்க வைத்தேன். அது வந்ததும் வரிசை கரைந்துபோனது. முதலாளி என் தோளில் தட்டினார்.

அடுத்த காயெடுப்பு முடிந்து வந்தவள் சாக்கை நேராக டிரையர் வாசலில் இறக்கினாள். ஜீப்காரர் எஞ்சினை நிறுத்தவேயில்லை.

"இனிமே காத்துக் கெடக்க வேணாமுல்ல சார்?"

"வேணாம்" என்றேன்.

"நல்லதாப் போச்சு. இதே ஜீப்புல போனா அப்பாவுக்கு நேரத்தோட கஞ்சி வச்சிரலாம்."

படுதாக்களை மடித்து வைத்திருந்த மூலையை ஒருமுறை பார்த்தாள். பிறகு ஏறிவிட்டாள். அதற்கடுத்த எடுப்பிலிருந்து ஜீப்காரரே சாக்கைக் கொண்டுவந்தார். தையில் அவளுக்குக் கல்யாணம் என்று அவர்தான் சொன்னார்.

அந்த ஸ்டோர் இப்போது இல்லை. நாங்கள் படுதா விரித்த கொட்டகை இருந்த இடத்தில் சுற்றுலா வருகிறவர்களின் கார்கள் நிற்கின்றன. காயை வைத்துக்கொண்டு யாரும் யார் வாசலிலும் உட்கார்வதில்லை. அவளிடம் சொல்ல என்னிடம் ஒன்று இருந்தது. அவள் முறைக்கு முன்னால் இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், சாயங்காலம் வரை நேரம் இருக்கிறதே என்று ஒவ்வொரு தடவையும் தள்ளிப்போட்டேன்.