மெமோவுக்குப் பதில் எழுதிய கை

முதலில் தாளின் இடப்பக்கத்தை நான்கு விரல் அகலத்துக்கு மடித்து, மடிப்பை நகத்தால் ஒருமுறை இழுப்பார். பிறகு அடியில் நான்கு விரல் இடம் அளந்து பென்சிலால் ஒரு புள்ளி. அதற்குப் பிறகுதான் கிறிஸ்டினா பேனாவின் மூடியைத் திறப்பார். இடம், கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தின் கடைசி பெஞ்சு. காலை ஷிப்ட் முடிந்து, கவரைப்பேட்டைக்குப் போகும் ரயில் வரும்வரை முக்கால் மணி நேரம் அவருடையது. மடியில் மகள் பத்தாம் வகுப்பில் வைத்திருந்த பரீட்சை அட்டை. எழுதுவது தன் வாழ்க்கை வரலாறு.

"கீய எதுக்குக்கா இம்மாம் எடம் உட்டுக்கினு கீற?" என்று கூட வேலை செய்யும் நர்மதா கேட்பார்.

"கையெழுத்துக்கு."

"ஒன் கதைல யாருக்கா கையெழுத்து போடப் போறாங்க?"

"பழக்கம்டி. வாய மூடிக்கினு முறுக்கத் துன்னு."

கிறிஸ்டினாவுக்கு வயது நாற்பத்தொன்பது. கார் உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் இருபத்து மூன்று ஆண்டுகளாகப் பேக்கிங் வேலை. அவருடைய அம்மா அஞ்சம்மாள் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர். மகளை நாற்றைத் தொட விடாதவர். ஞாயிறு பள்ளியில் வேத வசனங்களைப் படியெடுத்துப் பழகிய கை கிறிஸ்டினாவுடையது. வசனங்கள் மறந்துவிட்டன, எழுத்து நின்றுவிட்டது. அச்சில் வார்த்ததுபோல் ஒவ்வோர் எழுத்தும் தனியாக நிமிர்ந்து நிற்கும்.

அந்த எழுத்து கம்பெனிக்குள் அவருக்கு இன்னொரு வேலையைக் கொடுத்தது. தாமதமாக வந்தால் மெமோ. கழிப்பறையில் ஐந்து நிமிடம் கூடினால் மெமோ. மெமோ வாங்கியவர் ஒரு நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். எழுதத் தயங்குகிறவர்கள் கிறிஸ்டினாவிடம் வந்தார்கள். அவர் கேட்டுக் கேட்டு எழுதுவார். முடித்ததும் தாளை அரைவட்டமாகத் திருப்பி எதிரில் இருப்பவர் பக்கம் தள்ளுவார். "போடு." அடியில் விட்ட நான்கு விரல் இடத்தில் அவர்கள் கையெழுத்துப் போடுவார்கள்.

முந்நூறு கடிதங்களுக்குக் குறையாது. எல்லாமே 'நான்' என்று தொடங்குபவை. அந்த 'நான்' ஒரு திங்கட்கிழமை உட்கார்ந்தபடியே தூங்கிய வாட்ச்மேன். ஒரு புதன்கிழமை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று இரண்டு மணி நேரம் பிந்தி வந்த நந்தினி. எல்லோரும் ஒரே மாதிரி முடிந்தார்கள்: 'இது என் கவனக்குறைவால் நேர்ந்தது. என்னை மன்னிக்கவும்.' கம்பெனி பஸ் பிந்தி வந்ததற்கும் பஸ்ஸில் வந்தவரே மன்னிப்புக் கேட்டார். இத்தனை ஆண்டுகளில் தொழிலாளியிடம் மன்னிப்புக் கேட்டு நிர்வாகம் எழுதிய கடிதம் ஒன்றுகூட அந்தக் கோப்புகளில் இல்லை. தவறு கீழேதான் நடக்கும் என்பது அங்கே எழுதப்படாத சட்டம்.

திருவள்ளூரில் சிறிய பதிப்பகம் நடத்தும் அன்புராஜ், ஒரு மே தினக் கூட்டத்தில் கிறிஸ்டினா தன் வாழ்க்கையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசக் கேட்டுவிட்டு, "அக்கா, இத அப்டியே எழுதிக் குடுங்க, புக்கு போடறேன்" என்றார். ஒரு வாரம் கழித்து முதல் பக்கம் வந்தது. இடது மூலையில் 'அனுப்புநர்', அதற்குக் கீழே அவர் பெயரும் விலாசமும். அடுத்து 'பெறுநர்', அதற்குக் கீழே வெற்றிடம். பிறகு: 'ஐயா, நான் பிறந்தது பெரும்பேடு கிராமத்தில்.'

அன்புராஜ் விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னாக்கா, பொறந்ததுக்கும் எக்ஸ்பிளனேஷனா?"

கிறிஸ்டினா சிரிக்கவில்லை. மற்றவர்களுடைய 'நான்' சரளமாக வந்த கை, சொந்த 'நான்' என்றதும் யாரிடமோ அனுமதி கேட்டு நின்றிருந்தது. "மூணு நாளா பெறுநர் யாருன்னே யோசிச்சிக்கினு இருந்தேன் தம்பி" என்றார்.

நம் நாட்டில் தன்வரலாறு எழுதுகிற பெரிய மனிதர்கள் பலர் தங்கள் சிலையைத் தாங்களே செதுக்கிக்கொள்கிறார்கள். காக்கை எச்சமிடாதபடி மேலே கூரையும் போட்டுக்கொள்கிறார்கள். பிறந்த நட்சத்திரம் முதல் பக்கத்தில் இருக்கும். செய்த துரோகம் எந்தப் பக்கத்திலும் இருக்காது. கிறிஸ்டினாவுக்கு இந்த வித்தை தெரியாது. அத்திப்பட்டு மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை பார்க்கும் கணவர் தானியேல் ஒருநாள் கேட்டார்: "நான் குடிச்சதயெல்லாம் எழுதிடாதம்மே. சர்ச்சுல நாலு பேர் மூஞ்சில முழிக்கணும்."

"எழுதியாச்சி. நிறுத்தினதும் எழுதியாச்சி."

"எத்தினி பக்கம்?"

"குடிச்சது ரெண்டு, நிறுத்தினது ஒண்ணு."

"அத்த ரெண்டாக்குமே" என்றார் தானியேல்.

சிக்கல் ஏழாம் அத்தியாயத்தில் வந்தது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன், இரும்புத் தகட்டை அழுத்தி வடிவமைக்கும் பிரஸ் பிரிவில் ஈஸ்வரி வேலை செய்தார். அந்த இயந்திரத்தில் இரண்டு பொத்தான்கள். இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் அச்சு கீழே இறங்கும். கை உள்ளே மாட்டாமலிருக்க அதுதான் காவல். உற்பத்தி போதவில்லை என்று சூப்பர்வைசர் ஒரு பொத்தானை டேப் வைத்து ஒட்டிவிட்டார். மூன்றாம் நாள் ஈஸ்வரியின் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. மறுநாள் அந்த இயந்திரத்துக்குப் பூசணிக்காய் உடைத்தார்கள். எலுமிச்சம்பழம் கட்டினார்கள். டேப்பைப் பிரிக்கவில்லை. விரல்களைத் தின்றது டேப், பழி திருஷ்டிக்கு.

ஈஸ்வரிக்கும் மெமோ வந்தது. கட்டுப்போட்ட கையோடு அவர் கிறிஸ்டினா முன் உட்கார்ந்தார். "டேப்புன்னு எழுதினா வேல போய்டும் ஈசு" என்று கிறிஸ்டினாவே சொன்னார். 'என் கவனக்குறைவால்' என்று எழுதித் தாளைத் திருப்பித் தள்ளினார். ஈஸ்வரி இடது கையால் கோணலாகக் கையெழுத்திட்டார். இரண்டே மாதத்தில் அந்தக் கடிதத்தைக் காட்டித்தான் அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அன்றிலிருந்து கிறிஸ்டினா யாருக்கும் பதில் எழுதிக் கொடுப்பதில்லை. யாரும் ஏன் என்று கேட்டதும் இல்லை.

இவ்வளவையும் தன் பெயரில், தன் கையால் எழுதியிருந்தார்.

"அக்கா, இது மட்டும் வேணாம்" என்றார் அன்புராஜ். "படிக்கறவங்க உங்கள லவ் பண்ணிக்கினு வராங்க. ஏழாவதுல வந்து, கம்பெனி ஆளுன்னு தூக்கிப் போட்ருவாங்க."

"அது இல்லன்னா மீதி பதினோரு அத்தியாயம் எதுக்கு தம்பி? நல்ல பொடவை கட்டிக்கினு எடுத்த போட்டோ மாதிரி இருக்கும்."

"அந்தம்மா ஒத்துக்குவாங்களா? அவங்க பேரு இருக்குதே."

ஈஸ்வரி கவரைப்பேட்டை நிலையத்துக்கு வெளியே நாஷ்டா கடை போட்டிருந்தார். தினமும் அதே நிலையத்தில் இறங்கும் கிறிஸ்டினா, ஒன்பது ஆண்டுகளாக அந்தப் பக்கத்து வாசலைத் தவிர்த்துச் சுற்றுவழியில் வீட்டுக்குப் போனவர்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை வியாபாரம் ஓய்ந்த நேரத்தில் அந்தக் கடைக்குப் போனார். ஈஸ்வரி தோசைத் திருப்பியை மூன்று விரல்களால் பிடித்துக் கல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"வாக்கா. இந்த ரோடு மறந்துட்சின்னு நெனச்சேன்."

"என் கதைய புக்கா எழுதறேன், ஈசு. அதுல ஒரு அத்தியாயத்துல நீ கீற. நீ கேட்டுட்டு வேணாம்னா கிழிச்சிடறேன்."

"படி."

கிறிஸ்டினா படித்தார். சாம்பார் வாளியைச் சுற்றி ஈக்கள் பறந்தன, ஈஸ்வரி விரட்டவில்லை. டேப் வரும் இடத்தில் மட்டும், "கறுப்பு டேப்பு. கறுப்புன்னு போடு" என்றார். கிறிஸ்டினா ஓரத்தில் எழுதிக்கொண்டார். கடைசி வரிக்கு வந்ததும் அவருடைய குரல் இறங்கியது: 'நடந்ததற்கு நானே காரணம். என்னை மன்னிக்கவும்.'

ஈஸ்வரி தோசைத் திருப்பியைக் கீழே வைத்தார்.

"டேப் ஒட்டினது நீயா?"

"இல்ல."

"அப்றம் நீ இன்னாத்துக்கு காரணம்? நீ பொய் எழுதின. நான் கையெழுத்து போட்டேன். ரெண்டு பேரும் பயந்துக்கினோம். அத்த எழுது. ஒட்டினவன் பேரையும் எழுது. ஊரு மொத்தத்துக்கும் மன்னிப்பு எழுதி எழுதி ஒனக்குக் கை அப்டியே பழகிட்சி. ஒன் கதைக்குமா மெமோ குடுத்தாங்க?"

கிறிஸ்டினா கடைசி வரியை மறுபடி பார்த்தார்.

"என் பேரு இருக்கட்டும். முழுப் பேரு. புக்கு வந்தா கடையில தொங்க வுடறேன், நாஷ்டா துன்ன வர்றவன்லாம் படிக்கட்டும்." ஈஸ்வரி சேலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு தட்டில் இரண்டு இட்லி வைத்து நீட்டினார். "அந்தக் கடேசி வரிய அடி மொதல்ல. அப்றம் துன்னு."

கிறிஸ்டினா பரீட்சை அட்டையை மடியில் வைத்தார். கடைசி வரியின் மேல் நேராக ஒரே கோடு இழுத்தார். 'இருவரும் பயந்தோம்' என்று எழுதினார். சூப்பர்வைசரின் பெயரை எழுதினார். அடியில் நான்கு விரல் இடம் காலியாக இருந்தது. பழக்கத்தில் தாளை எதிர்ப்பக்கம் திருப்பத் தொடங்கிய கை பாதி வட்டத்தில் நின்றது. தாளை மறுபடி தன் பக்கம் இழுத்தார். அந்த இடம் முழுவதும் நிறையும்படி, பெரிதாக, தன் கையெழுத்தைப் போட்டார்.