மக்காச்சோளக் காட்டில் ஒரு லினக்ஸ் சிடி

போன வாரம் திருவேங்கடத்தில் ஒரு கல்யாணம். சங்கரன்கோவிலில் இருந்து ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தேன். பாதி வழியில் மக்காச்சோளக் காடு ஒன்று பளீர் பளீரென்று கண்ணில் அடித்தது. கிளிகளை விரட்டக் கயிறு கட்டி, வரிசையாக சிடிகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். பழைய பக்திப் பாட்டு சிடி, கல்யாண வீடியோ சிடி எல்லாம் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றின் நடுவே ஒன்றைப் பார்த்ததும் வண்டியை ஓரங்கட்டிவிட்டேன். மூன்று பேர் கைகோத்து வட்டமாக நிற்பது போன்ற அந்தச் சின்னத்தை நான் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வேன். அது லினக்ஸ் சிடி, கம்ப்யூட்டரை இயக்கும் இலவச மென்பொருள். இந்த வட்டாரத்தில் அப்படி ஒரு சிடி இருந்தால் அது என் கையால் கொடுத்ததாகத்தான் இருக்கும்.

இப்போது சொன்னால் நம்ப மாட்டீர்கள். அந்தக் காலத்தில் இணையத்தில் நம் விலாசத்தை எழுதி வைத்தால் போதும், கடல் கடந்து இலவசமாக லினக்ஸ் சிடி தபாலில் வரும். ஒன்று கேட்டால் ஒன்று, பத்து கேட்டால் பத்து. தபால்காரர் அந்த அட்டைப் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "வெளிநாட்டுல யாரும்மா இருக்கா?" என்று கேட்டார். யாரும் இல்லை என்று உண்மையைச் சொன்னது தப்பாகப் போயிற்று. இரண்டாவது பொட்டலம் வந்தபோது, எனக்கு வெளிநாட்டில் மாப்பிள்ளை பார்த்திருப்பதாகத் தெருவே பேசிக்கொண்டது. மூன்றாவது வந்தபோது அந்த மாப்பிள்ளை ஏன் இன்னும் நேரில் வரவில்லை என்று கவலைப்பட ஆரம்பித்தார்கள்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. லினக்ஸைத் தவிர வேறு மாப்பிள்ளை மேல் எனக்கு நாட்டமில்லை. கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் சிடி கொடுத்தேன். வாங்கியவர்களில் பாதிப் பேர் வீட்டில் கம்ப்யூட்டரே கிடையாது. ஓசியில் கிடைப்பதை வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் நம் பக்கத்தில் இல்லை, அவ்வளவுதான்.

சிடியின் அட்டை உறையைப் பிரித்தால் புது அச்சு மை வாசம் அடிக்கும். எனக்கு அது வேலைக்குப் போன இடத்தின் வாசம். ஜெபமணி அண்ணாச்சியின் அச்சகத்தில் நான் டைப் செய்துகொண்டிருந்தேன். பின்கட்டில் ஆப்செட் மெஷின் ஓடும். முன்கட்டில் இரண்டு கம்ப்யூட்டர். ஒன்றில் அண்ணாச்சி கார்டு டிசைன் செய்வார். இன்னொன்று என்னுடையது. என்னுடையதில் இருந்ததுதான் கடையின் உயிர், 'குடும்பம்' என்ற ஃபோல்டர்.

எங்கள் பக்கத்துக் கல்யாணக் கார்டைப் பார்த்திருப்பீர்கள். மாப்பிள்ளை பெண் பெயர் இரண்டு வரியில் முடிந்துவிடும். அதன்பிறகு பெரியப்பாமார், சித்தப்பாமார், தாய்மாமன்மார், அத்தைமார் என்று இரண்டு பக்கத்துக்கு உறவுக்காரர்கள் நிற்பார்கள். யார் பெயர் முதலில், யார் பெயர் யாருக்குக் கீழே என்பதில் ஒன்று பிசகினாலும் பந்தியில் இலையை விட்டு எழுந்துபோவார்கள். அதனால் ஒவ்வொரு குடும்பத்தின் பட்டியலையும் அண்ணாச்சி தனித்தனிக் கோப்பாக வைத்திருந்தார். அந்த வீட்டில் அடுத்த கல்யாணம் வந்தால் பழைய கோப்பைத் திறந்து, இறந்தவர்களுக்கு முன்னால் 'அமரர்' சேர்த்து, புது மருமகன்களை நுழைத்தால் முடிந்தது வேலை. வரிசையில் மனக்குறை உள்ளவர்களிடம், "போன கார்டுல இருந்த மாதிரிதான் போட்டிருக்கு" என்று வீட்டுக்காரர் சொல்லித் தப்பித்துக்கொள்வார். ஊர்க்காரர்கள் பழியைப் போடுவதற்காகவே எங்கள் கம்ப்யூட்டரை நம்பியிருந்தார்கள்.

திருவேங்கடத்து வேலுச்சாமியின் மகள் கல்யாணத்துக்கு மட்டும் அப்படித் தப்பிக்க முடியவில்லை. அவரும் அவர் அண்ணனும் ஒரு கிணற்றுத் தகராறில் நான்கு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. பெண்ணின் பெரியப்பா என்று அண்ணன் பெயரை எல்லோருக்கும் முதலில் போடுவதா, தாய்மாமன்களுக்குக் கீழே தள்ளுவதா என்று உறவுக்காரர்கள் அண்ணன் தம்பி இருவரையும் கடைக்கே கூட்டிவந்து பஞ்சாயத்து செய்தார்கள். அண்ணன்காரர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலே ஏற்று என்பார்கள், ஏற்றுவேன். கீழே இறக்கு என்பார்கள், இறக்குவேன். மூன்று மணி நேரம் கழித்து, "சரி, அப்படியே வச்சிரு" என்று எழுந்து போனார்கள். நான் கோப்பைச் சேமித்தேன். அது வெள்ளிக்கிழமை.

இதற்கிடையில் என் கம்ப்யூட்டர் வைரஸ் பிடித்துச் சாகக் கிடந்தது. வருகிற ஒவ்வொருவரும் பென் டிரைவில் ஒரு வைரஸோடு வருவார்கள். லினக்ஸ் போட்டால் இந்தத் தொல்லையே இருக்காது என்று அண்ணாச்சியிடம் மாதக்கணக்கில் அனத்திக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர், "ஓசில வாரது ஒழுங்கா இருக்குமாம்மா? என்னமும் செய். குடும்பம் மட்டும் பத்திரம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் கடையைத் திறந்தேன். முதல் காரியமாக, டி டிரைவில் இருந்த குடும்பம் ஃபோல்டரை ஈ டிரைவுக்கு நகல் எடுத்தேன். கம்ப்யூட்டர் தெரிந்த நீங்கள் இங்கேயே தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். எங்கள் ஊரில் கம்ப்யூட்டர் மாட்டிக் கொடுக்கிறவர்கள், "சி, டி, ஈ, மூணு டிரைவு இருக்கு" என்றுதான் சொல்லிக் கொடுப்பார்கள். மூன்றும் மூன்று பெட்டிகள் என்று நான் நம்பியிருந்தேன். மூன்றும் ஒரே டிஸ்க்கில் கோடு கிழித்துப் பிரித்த பாகங்கள் என்பது எனக்குத் தெரியாது. 'முழு டிஸ்க்கையும் பயன்படுத்தலாமா?' என்று லினக்ஸ் மரியாதையாகக் கேட்டது. தாராளமாக என்று அமுக்கினேன். அரை மணி நேரத்தில் புது லினக்ஸ் ஜம்மென்று வந்து நின்றது. டி இல்லை, ஈ இல்லை, குடும்பமும் இல்லை.

கை கால் ஓடவில்லை. இருந்தாலும் எங்கே ஓட வேண்டும் என்று தெரிந்திருந்தது. தமிழ் லினக்ஸ் ஆர்வலர்கள் மின்னஞ்சலில் பேசிக்கொள்ளும் குழு ஒன்றில் நானும் இருந்தேன். பக்கத்து பிரவுசிங் சென்டருக்குப் போய் நடந்ததை அப்படியே எழுதினேன். கால் மணி நேரத்தில் சேலத்தில் இருந்து ஒருவர் பதில் போட்டார். இன்றுவரை அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. "முதலில் கணினியை அணைத்துவிடுங்கள். அழிந்த இடத்தின் மேல் புதிதாக எழுதப்படும் வரை பழையது அங்கேயேதான் இருக்கும். இன்னொரு டிஸ்க் வாங்குங்கள், மீட்டுவிடலாம்" என்று எழுதி, கீழே ஒவ்வொரு படியையும் வரிசை போட்டிருந்தார். முன்பின் தெரியாத ஒருவர் ஞாயிற்றுக்கிழமையில் உட்கார்ந்து எனக்காக இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். அதைப் படித்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

மத்தியானம் அண்ணாச்சி வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

"எல்லாமா போச்சி?"

"எல்லாந்தான் அண்ணாச்சி. ஆனா எடுத்துரலாம்."

"வேலுச்சாமி லிஸ்ட்டு?"

"அதுவுந்தான்."

"ஏட்டி, அத எழுதி வாங்குறதுக்குள்ள ரெண்டு கொல விழுந்திருக்கும்! புதன்கெழம அவரு புரூப் பாக்க வாராரு. நான் என்னத்தச் சொல்லுவேன்?" அதற்குமேல் அவர் திட்டவில்லை. "என்ன சாமான் வேணும்னு சீட்டுல எழுதிக் குடு. காலைல ராஜபாளையம் போயி வாங்கிட்டு வாரேன்" என்றார்.

அண்ணாச்சி டிஸ்க்கோடு வந்து இறங்கினார். அதே இலவச சிடியைப் போட்டு, பழைய டிஸ்க்கைத் தொடாமல் சிடியில் இருந்தே லினக்ஸை ஓடவிட்டு, சேலத்துக்காரர் சொன்ன மீட்பு மென்பொருளைப் பிரவுசிங் சென்டரில் இறக்கி வந்து, புது டிஸ்க்கில் மீட்கும்படி ஓட்டினேன். அதுவும் யாரோ ஒருவர் எழுதி ஊருக்குச் சும்மா கொடுத்ததுதான். திங்கள் ராத்திரி முழுக்க ஓடியது. செவ்வாய்க்கிழமை காலை பார்த்தால் ஆயிரக்கணக்கில் கோப்புகள். ஒன்றுக்கும் பெயரில்லை, வெறும் எண்கள். திறந்தால் உள்ளே கோணல்மாணலான ஆங்கில எழுத்துகள். அண்ணாச்சியின் கம்ப்யூட்டரில் இருந்து எங்கள் தமிழ் எழுத்துருவை எடுத்துப் போட்டதும், பெரியப்பாவும் சித்தப்பாவும் வரிசையாக எழுந்து நின்றார்கள். "வந்துட்டாவ! எல்லாரும் வந்துட்டாவ!" என்று அண்ணாச்சி மெஷினை நிறுத்திவிட்டு ஓடிவந்தார். முக்கால்வாசிக் குடும்பங்கள் திரும்பின. பெயரில்லாக் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, தாய்மாமனை வைத்து இது சிவகிரி வீடு, இது குருவிகுளத்து வீடு என்று நான்தான் பெயரிட்டேன். அந்த ஒரே நாளில் இந்த வட்டாரத்து உறவுமுறை எனக்கு அத்துபடியாகிவிட்டது.

வேலுச்சாமி பட்டியலும் கிடைத்தது. ஒன்றல்ல, இரண்டு. பஞ்சாயத்தின்போது இடையிடையே சேமித்தவற்றையும் அந்த மென்பொருள் தோண்டிக் கொடுத்துவிட்டது. ஒன்றில் அண்ணன் பெயர் முதலில். இன்னொன்றில் தாய்மாமன்களுக்குக் கீழே. எது கடைசியில் முடிவானது? அன்று அத்தனை முறை மாற்றியதில் எனக்கு நினைவில்லை. அண்ணாச்சி அன்று மெஷின் பக்கம் இருந்ததால் அவருக்கும் தெரியாது. இரண்டையும் அச்செடுத்து வைத்துக்கொண்டோம்.

புதன்கிழமை வேலுச்சாமி தனியாக வந்தார். அண்ணாச்சி ஏதாவது சொல்லிச் சமாளிப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். தப்பு என்னுடையது, கோப்பு அழிந்தது, மீட்டதில் இரண்டு வந்திருக்கிறது, எது சரியென்று எங்களுக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன். திட்டப்போகிறார் என்று பார்த்தால், மனிதர் சட்டைப் பைக்குள் கையை விட்டார். அப்புறம் என்ன நினைத்தாரோ, வெறுங்கையாக வெளியே எடுத்தார். இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"இதுதான் தாயி" என்று அண்ணன் பெயர் முதலில் இருந்த தாளில் விரலை வைத்தார். "உறுதியாத்தான் சொல்லுதேன். யாராவது கேட்டா, கம்ப்யூட்டர்ல இப்படித்தான் இருந்துச்சின்னு சொல்லிருங்க."

கிளம்பும்போது மேஜையில் கிடந்த சிடியை எடுத்துப் பார்த்தார். "இதுலருந்துதான் எங்க அண்ணன் பேரு வந்துச்சா?" என்று கேட்டார். அதையே அவருக்குக் கொடுத்தேன். வாசல் பக்கம் போனவர் பையில் இருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து, இரண்டாகக் கிழித்து, துண்டுக் காகிதக் கூடையில் போட்டுவிட்டுப் போனார். எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. எடுத்து ஒட்டவைத்துப் பார்த்தேன். உரக்கடை ரசீதின் பின்பக்கம், வெள்ளிக்கிழமை முடிவான வரிசையை அவரே தன் கையால் குறித்திருந்தார். அதில் அண்ணன் பெயர் கீழேதான் இருந்தது.

"அண்ணாச்சி, இதுதான் சரியான லிஸ்ட்டு" என்று நீட்டினேன்.

அவர் வாசித்துவிட்டுச் சீட்டைச் சுருட்டினார். "சரியான லிஸ்ட்ட அவரே சொல்லிட்டுப் போயிட்டாரும்மா. அந்த இன்னொண்ண வைக்காத" என்றார். கல்யாணத்தில் பந்தி விசாரித்தது பெரியப்பாக்காரர்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

சோளக்காட்டு ஓரத்தில் நின்று இதையெல்லாம் நினைத்துக்கொண்டிருந்ததில் முகூர்த்தமே தவறிவிட்டது. யார் காடு என்று கேட்க அங்கே ஆளும் இல்லை. அன்றைய கல்யாணத்துக்கு எனக்கு அழைப்பு போனில்தான் வந்தது. ஒரு படம், அதில் நான்கே பெயர்கள், பெரியப்பா சித்தப்பா யாருமில்லை. சிடி அனுப்புவதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். மின்னஞ்சல் குழுவில் இப்போது யாரும் எழுதுவதில்லை. அச்சகம் இருந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது, அண்ணாச்சி பெயருக்கு முன்னாலும் 'அமரர்' வந்துவிட்டது. எதுவும் என்னைக் கேட்டுப் போகவில்லை.

நானாகப் போக்கியது ஒன்றே ஒன்றுதான். அண்ணாச்சி சொன்ன அன்றே, வேலுச்சாமியின் அண்ணன் பெயர் கீழே இருந்த அந்த இன்னொரு கோப்பை அழித்தேன். சும்மா அழித்தால் திரும்பி வந்துவிடும் என்று சேலத்துக்காரர் புண்ணியத்தில் தெரிந்திருந்தது. அதனால் அது இருந்த இடத்தின் மேல் மூன்று முறை எழுதினேன்.