கொஞ்சம் இரைச்சல்

முத்துமாரியின் பெயர் கட்டம் கட்டி அச்சில் வந்தது ஒரே ஒரு முறை. 2008 அக்டோபர் மாதச் 'சிற்றலை மடல்', கடைசிப் பக்கம். 'தாராவி நேயர் திருமதி நா. முத்துமாரி அனுப்பிய அறிக்கை பொய் எனத் தெரிவதால், அவர் இதுவரை அனுப்பிய நூற்றுப் பன்னிரண்டு அறிக்கைகளும் பதிவேட்டிலிருந்து நீக்கப்படுகின்றன.' கீழே செயலாளர் பிரம்மநாயகத்தின் கையெழுத்து.

மடலை நடத்தியது மாதுங்காவில் கூடும் ஒரு நேயர் மன்றம். தூரத்து வானொலிகளைத் தேடிப் பிடிப்பவர்களின் கூட்டம் அது. ஏதாவது ஒரு நாட்டின் நிலையம் சிக்கினால், எந்த நாள், எந்த நேரம், என்ன கேட்டது என்று எழுதி நிலையத்துக்கு அனுப்புவார்கள். நகல் மன்றத்துக்கு. அறிக்கையில் ஐந்து எண்கள் இருக்கும். ஒலியின் வலு, பிற நிலையங்களின் குறுக்கீடு, இரைச்சல், தேய்வு, மொத்தத் தரம். ஒவ்வொன்றும் ஐந்துக்கு எத்தனை என்று போட வேண்டும். தொல்லை இல்லாவிட்டால் ஐந்து. எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டால் யாரும் நம்ப மாட்டார்கள். அதனால் எவ்வளவு தெளிவாகக் கேட்டாலும் ஓர் எண்ணைக் குறைத்துப் போடுவது மன்றத்தில் பழக்கமாகிவிட்டது.

முத்துமாரி குறைத்துப் போடவில்லை.

அவள் அப்போது பைகளுக்குக் கைப்பிடி தைத்துக்கொண்டிருந்தாள். கணவன் நாகராஜ் வேலை பார்த்த தோல்பைப் பட்டறையிலிருந்து மூட்டை மூட்டையாக வரும். கைகளுக்கு வேலை இருந்தது, காதுகளுக்கு இல்லை. பேட்டரியில் ஓடும் சிற்றலை ரேடியோவை மெஷின் பக்கத்தில் வைத்திருந்தாள். சந்து முழுவதும் தையல் மோட்டார்கள். அவற்றின் கரகரப்புக்கு நடுவில் ஒரு குரலைப் பிரித்தெடுக்க அவளுக்கு ஆறு வருடம் பிடித்தது.

அந்தச் செப்டம்பரில் ஒரு நாள் மாலை ஐந்து மணிக்குச் சந்து முனை டிரான்ஸ்பார்மர் வெடித்தது. எல்லா மோட்டார்களும் ஒரே நொடியில் நின்றன. ஆட்கள் வெளியே வந்து மின்சாரக் கம்பெனியைத் திட்டினார்கள். முத்துமாரி உள்ளே உட்கார்ந்து முள்ளைத் திருப்பினாள். வெற்று அலைவரிசை ஒன்றில் பசிபிக் தீவு ஒன்றின் நிலையம் கேட்டது. பக்கத்து வீட்டில் பேசுவதுபோல. நாற்பது நிமிடம். செய்தி, ஒரு படகுச் சங்கத்தின் அறிவிப்பு, பிறகு தேவாலயப் பாட்டு. இரைச்சலுக்கு ஐந்து போட்டாள். இரைச்சல் இல்லை, அதனால் போட்டாள்.

மடல் வந்த மறுநாள் அவள் மாதுங்காவுக்குப் போனாள். பிரம்மநாயகத்துக்குக் கோட்டைப் பகுதியில் கப்பல் கம்பெனி ஒன்றில் வேலை. அன்று விடுமுறையில் வீட்டில் இருந்தார். கம்பிக் கதவைத் திறக்கவில்லை.

"அண்ணாச்சி, அன்னைக்குக் கரண்டு போயிட்டு. அதான் அப்படிக் கேட்டுச்சு. சந்துல யாரையும் வேணும்னா கேளுங்க."

"கரண்டு போனதுக்கு சாட்சி இருக்கும்மா. நீ கேட்டதுக்கு யாரு சாட்சி?"

"அந்த ஸ்டேஷனுக்கு எழுதியிருக்கேன்."

"பதில் வரட்டும். வந்தா எடுத்துண்டு வா." பிறகு உள்ளே திரும்பி மனைவியிடம் சொன்னார். முத்துமாரியின் காதில் விழும்படிதான் சொன்னார். "தாராவியில உக்காந்துண்டு பசிபிக் கேட்டாளாம். இரைச்சலே இல்லையாம்."

பதில் வரவில்லை. அடுத்த வருடம் அந்த நிலையத்தை மூடிவிட்டார்கள்.

அவள் அதற்குப் பிறகு எங்கும் அறிக்கை அனுப்பவில்லை. மடலை மட்டும் வரவழைத்தாள். தாராவியில் செல்போன் பழுது பார்க்கும் முகைதீன் மன்றத்து உறுப்பினர். அவன் தன் பிரதியைப் படித்துவிட்டுத் தருவான். பிரம்மநாயகத்தின் அறிக்கைகளை அவள் ஒன்று விடாமல் படித்தாள். அவர் கேட்டதாக எழுதிய நேரத்தில் அந்த நிலையம் ஒலிபரப்பில் இருந்ததா என்று அட்டவணையில் தேடினாள். இருந்தது. ஒவ்வொரு முறையும் இருந்தது.

"ஒனக்கு வேற சோலியே இல்லையாட்டி?" என்றான் நாகராஜ். "அந்த ஆள் செத்தாக்கூட நீ அட்டவணையப் பாத்துதான் நம்புவ போலிருக்கு."

"சாகக்கூடாது," என்றாள் முத்துமாரி.

உலகம் அதற்குள் வேறு பக்கம் திரும்பியிருந்தது. 2017இல் நார்வே தன் தேசிய எஃப்.எம். ஒலிபரப்புகளை நிறுத்தி முழுக்க டிஜிட்டலுக்குப் போனது. இங்கே அரசு வானொலி நடு அலையில் டிஜிட்டல் டிரான்ஸ்மிட்டர்களை நிறுவியது. புதுக் கார்களில் அதைக் கேட்கும் பெட்டி தானாகவே பொருத்தி வந்தது. கார் வைத்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. சிற்றலையிலும் சில நாடுகள் டிஜிட்டலில் பரிசோதித்தன. மன்றத்தில் பலருக்கு எரிச்சல். இது வானொலியே இல்லை என்று மடலில் எழுதினார்கள்.

முத்துமாரி எரிச்சல்படவில்லை. அவளும் நாகராஜும் சுனாபட்டியில் ஏழாவது மாடிக்குக் குடிபோயிருந்தார்கள். முகைதீன் மூலம் ஒரு சிறிய டிஜிட்டல் ரேடியோவை வாங்கி, ஜன்னலிலிருந்து பத்தடி வயரைத் தொங்கவிட்டாள். ஒரு வாரத்தில் அதன் குணம் புரிந்தது. சிக்னல் போதுமான அளவு வந்தால் ஒலி முழுதாக வரும். போதாவிட்டால் ஒன்றுமே வராது. இரண்டுக்கும் நடுவில் எதுவும் இல்லை. கரகரப்பு இல்லை, பக்கத்து நிலையத்தின் விசில் இல்லை, மெல்லத் தேய்ந்து மெல்லத் திரும்புவது இல்லை. இருக்கும், அல்லது இருக்காது.

அது புரிந்த அன்று அவளால் வேலையில் உட்கார முடியவில்லை. அடுப்படிக்கும் ஜன்னலுக்குமாக நடந்தாள். பொய் சொல்கிறவன் எப்போதும் கொஞ்சம் இரைச்சல் சேர்ப்பான். மன்றத்தில் எல்லோருக்கும் கை அப்படித்தான் பழகியிருந்தது. டிஜிட்டலில் இரைச்சல் சேர்க்க இடமில்லை. பிரம்மநாயகம் என்றாவது ஒரு நாள் டிஜிட்டல் ஒலிபரப்பு ஒன்றைக் கேட்டதாக எழுதுவார். மன்றத் தலைவராகிவிட்டார், பின்தங்க முடியாது. அவர் கேட்காமலே எழுதினால், அந்த எண்கள் காட்டிக்கொடுத்துவிடும்.

அவள் ஆறு வருடம் காத்திருந்தாள்.

சென்ற டிசம்பரில் ஐரோப்பிய நிலையம் ஒன்று மூன்று நாள் ஆசியாவை நோக்கிச் சிற்றலையில் டிஜிட்டல் பரிசோதனை நடத்தியது. முத்துமாரி மூன்று நாளும் கேட்டாள். முதல் நாள் ஏழு முறை ஒலி அறுந்தது. மற்ற இரண்டு நாளும் அறுபடவில்லை. ஜனவரி மடலில் பிரம்மநாயகத்தின் அறிக்கை முதல் பக்கத்தில் வந்தது. 'இரண்டாம் நாள் ஒலிபரப்பை முழுமையாகக் கேட்டேன். 4-4-3-3-3. லேசான இரைச்சல். மெதுவான தேய்வு.'

அவள் அந்த வரியை மூன்று முறை படித்தாள். பிறகு முகைதீனுக்குப் போன் செய்தாள். அவன்தான் இப்போது செயலாளர்.

"பாத்தேன்க்கா," என்றான். "அச்சுக்குக் குடுக்கும்போதே பாத்தேன்."

"பாத்துட்டு எதுக்குப் போட்ட?"

"பெரிய மனுசன்க்கா. நாலு வருசமா அவருக்குக் காதே கேக்கல. காதுல மெஷின் வச்சாலும் மனுசங்க பேசுறது பாதிதான் கேக்குது. ரேடியோ எங்க கேக்கும்? இவ்வளவு மோசம்னு மன்றத்துல ஒருத்தருக்கும் தெரியாது. எழுபத்தெட்டு வயசு. விட்டுரு அக்கா, காலிபீலி வம்பு எதுக்கு?"

"எனக்கு அன்னைக்கு நல்லாக் காது கேட்டுச்சு. யாராச்சும் விட்டாவளா?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"பிப்ரவரிக் கூட்டத்துக்கு வாரேன்," என்றாள். "உறுப்பினர் இல்லன்னு வாசல்ல மறிக்காத."

கூட்டம் ஞாயிறு காலை, மாதுங்காவில் ஒரு பள்ளிக்கூட அறையில். பதினெட்டுப் பேர் இருந்தார்கள். பிரம்மநாயகம் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். முகைதீன் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தான். அறிக்கைகளைப் பற்றிய பேச்சு வந்ததும் முத்துமாரி பின்வரிசையிலிருந்து எழுந்தாள்.

"அண்ணாச்சி, டிசம்பர் ஒலிபரப்பை எதுல கேட்டிய?"

அவர் காதில் கையை வைத்தார். "கொஞ்சம் சத்தமாச் சொல்லும்மா."

அவள் அறை முழுவதற்கும் கேட்கும்படி திரும்பச் சொன்னாள்.

"டிஜிட்டல் செட்லதான். பையன் ஜெர்மனிலேருந்து அனுப்பினான்."

"இரைச்சலுக்கு மூணு போட்டிருக்கிய."

"லேசா இருந்தது. ரயில் லைன் பக்கம் இல்லையா."

"தேய்வு?"

"வந்து வந்து போச்சு. சிற்றலைன்னா அப்படித்தானே இருக்கும்?"

முன்வரிசையில் ஒருவர் இருமுவதுபோலச் சிரித்தார். முத்துமாரி பையிலிருந்து தன் ரேடியோவை எடுத்து மேசைமேல் வைத்தாள். உள்ளூர் நடு அலை டிஜிட்டல் ஒலிபரப்பு தெளிவாக வந்தது. யாரோ விவசாயம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் பெட்டியை மெல்லத் திருப்பினாள். பேச்சு அதே தெளிவில் ஓடியது. இன்னும் சற்றுத் திருப்பினாள். சட்டென்று ஒன்றுமில்லை. பழையபடி திருப்பியதும் சில நொடியில் விவசாயம் வந்தது. மூன்று முறை அப்படிச் செய்தாள்.

"இதுல எங்க இரைச்சல் இருக்கு? காட்டுங்க அண்ணாச்சி."

அவர் மற்றவர்களைப் பார்த்தார். அவர்கள் ரேடியோவைப் பார்த்தார்கள்.

"மூணு நாளும் ரேடியோ ஸ்கிரீன்ல ஒரு வரி ஓடிச்சு. என்ன வரின்னு சொல்லுங்க. சொல்லிட்டியள்னா நான் ஒங்க கால்ல விழுந்துட்டுப் போயிருதேன்."

"ஸ்கிரீனா?"

"ஒரு துறைமுகத்துல அலை எத்தனை மீட்டர்னு ஓடிச்சு. என்கிட்ட போட்டோ இருக்கு. தேதியோட."

பிரம்மநாயகம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுக்கொண்டபோது குரல் மாறியிருந்தது. அலுவலகத்தில் பேசுகிற குரல்.

"சரி. நான் கேக்கல. எனக்குக் காது போயிடுத்து. எழுதினது தப்பு. ஆனா ஒண்ணு சொல்றேன். நான் பொய் சொன்னேங்கிறதுனால நீ அன்னிக்குச் சொன்னது நெசமாயிடாது. உன் பேர் திரும்ப வராது."

அறையில் ஓரிருவர் தலையசைத்தார்கள். அது சரிதான். முத்துமாரிக்கும் அது தெரியும். பதினேழு வருடமாகத் தெரியும்.

"வரவேண்டாம்," என்றாள். "என்னை நம்பச் சொல்லி நான் வரல. ஒங்களையும் நம்பக்கூடாது. அதுக்குத்தான் வந்தேன். ஒரு அறிக்கை பொய்யின்னா எல்லா அறிக்கையும் போகும். அந்த விதி இருக்கா, எடுத்துட்டியளா?"

முகைதீன் தலையைத் தூக்காமல் சொன்னான். "இருக்குக்கா."

"அப்ப அவருக்கு எத்தனை இருக்கு?"

"ரெண்டாயிரத்து நூத்தி நாப்பது."

பிரம்மநாயகம் எழுந்து நின்றார். மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இந்த ஒண்ண அடி. நாலு வருஷத்துல எழுதின எல்லாத்தையும் அடி. பழசுல கை வைக்காதே. எழுபத்தொண்ணுல டாக்கா விழுந்த அன்னிக்கு நான் கேட்டிருக்கேன். இப்ப இல்லாத நாடெல்லாம் அதுல இருக்கு. அதெல்லாம் பொய் இல்லம்மா."

இல்லைதான். மன்றத்தில் சேர்ந்த புதிதில், அவருடைய பழைய அறிக்கைகளில் இருந்த அலைவரிசைகளை எழுதி வைத்துக்கொண்டுதான் முத்துமாரி தேட ஆரம்பித்தாள். அவர் சொன்ன இடத்தில், சொன்ன நேரத்தில், சொன்ன நிலையம் இருந்தது. முதன்முதலாக ஜப்பான் கேட்டது அப்படித்தான்.

"யாரு சாட்சி?" என்றாள்.

அவர் அவளையே பார்த்தார். இந்த முறை அவருக்குச் சரியாகக் கேட்டிருந்தது.

முகைதீன் பெயரைத் தேடி எடுத்தான். பட்டியல் திரையில் கீழ்நோக்கி ஓடிக்கொண்டே இருந்தது. கடைசி வரியைத் தொட்டதும் நின்றது. அவன் விரலைத் தூக்கிவைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான். "எல்லாமாக்கா?"

"அதெல்லாம் நெசம்னு உனக்குத் தெரியும்," என்றார் பிரம்மநாயகம். "உனக்குத் தெரியும்மா."

"தெரியும்," என்றாள் முத்துமாரி. "முகைதீன், அடி."