பதினோரு மிதவை வீடுகளின் சம்மதம்

லுவா பிறந்ததிலிருந்து வீடு மாறியதே இல்லை. ஆனால் அவள் பிறப்புப் பத்திரத்தில் ஓர் ஊர்ப் பெயர், கல்யாணப் பத்திரத்தில் வேறொன்று, மகளின் பத்திரத்தில் மூன்றாவதாக ஒன்று. தியென் ஆற்றங்கரையில் அதே தகரக் கூரை, அதே படித்துறை. பெயர் மட்டும் மேலே இருந்து வரும், போகும். கிராமமாக இருந்தது சண்டைக் காலத்தில் துறைமுகப் பட்டணத்தோடு சேர்ந்து பேட்டையானது. சண்டை ஓய்ந்த பின் ஒன்பதாம் வார்டானது. பிறகு அந்த வார்டிலும் பாதியை வெட்டி எடுத்தார்கள். "நாம அசையாம இருக்கோம். ஊருதான் நம்மளைத் தாண்டிப் போய்க்கிட்டே இருக்கு" என்று அவள் புருஷன் அரிசிச் சாராயத்தை ஊற்றிக்கொண்டே சொல்வான்.

மூத்த பிள்ளையையே இரண்டாவது என்று எண்ணத் தொடங்குகிற ஊர் அது. லுவா மூன்றாவதாகப் பிறந்தவள். ஆகவே எல்லோருக்கும் நாலாமக்கா. பத்தொன்பது வருஷமாக அறுபத்திரண்டு வீடுகளுக்குத் தெருத் தலைவி. கொசு மருந்து அடிக்கிற நாள், தண்ணீர் நிற்கிற நாள், குழந்தைகளுக்கு ஊசி போடுகிற நாள், எல்லாம் அவள் வாய் வழியாகத்தான் வீடுகளுக்குப் போகும். கெட்டவள் என்று யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்லமாட்டேன். ஆனால் செய்ததைச் செய்ததென்றுதான் சொல்ல வேண்டும்.

வார்டுகளை மறுபடி ஒட்டப்போகிறார்கள் என்று உத்தரவு வந்தது. ஒன்பதாம் வார்டு என்ற பெயர் போய், பக்கத்து வார்டின் பெயருக்குள் அடங்கிவிடும். வீட்டுக்கு ஒரு தாள். சம்மதம், சம்மதமில்லை என்று இரண்டு கட்டம். கீழே குடும்பத் தலைவர் கையெழுத்து. தெருத் தலைவி வீடு வீடாகப் போய், படித்துக் காட்டி, வாங்கி வர வேண்டும். நாலு நாள் கெடு.

ஐம்பத்தோரு வீடு முடிந்தது. மிச்சம் பதினொன்றும் ஆற்றின்மேல் பீப்பாய்களில் மிதக்கிற வீடுகள், அடியில் வலை கட்டி மீன் வளர்ப்பவர்களுடையவை. நாலாம் நாள் மத்தியானம் நல்ல மழை, பலகைப் பாலம் பாசியாக வழுக்கியது. அந்த நேரம் பார்த்து மூன்றாம் தெருத் தலைவி ஹோவாய் போனில் கூப்பிட்டாள்.

"என்ன நாலாமக்கா, இன்னுமா முடியலை? நாங்க காலையிலயே குடுத்துட்டு வந்து ஒரு தூக்கமும் போட்டாச்சு."

"எனக்கும் முடிஞ்சுதுடி. கொண்டுபோய்க் குடுக்கிறதுதான் பாக்கி" என்றாள் லுவா.

சொன்ன பிறகு அதை நிஜமாக்க வேண்டுமே. மேஜையில் உட்கார்ந்தாள். நீலப் பேனா, கறுப்புப் பேனா, பழைய மை கசிகிற பேனா என்று மூன்றை எடுத்து மாற்றி மாற்றி அவர்கள் கையெழுத்தைத் தானே எழுதினாள். இரண்டு தாளுக்கு இடது கையால் போட்டாள். பதினோரு சம்மதம். சாயங்காலமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு வார்டு ஒலிபெருக்கி பாடியது: நாலாமக்கா தெருவில் அறுபத்திரண்டுக்கு அறுபத்திரண்டு சம்மதம், தலைவிக்குப் பாராட்டுப் பத்திரம். பத்திரம் சுவரில் ஏறுவதற்குள் கையெழுத்துப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். மிதவை வீட்டுத் தோம், மீன் விற்கிற விதவை, எழுதப் படிக்கத் தெரியாதவள், எங்கேயும் கட்டைவிரல்தான் உருட்டுவாள். பட்டியலில் அவள் பெயருக்கு எதிரே சுழித்துச் சுழித்து ஒரு கையெழுத்து.

"தோம், எப்ப கத்துக்கிட்டே? எனக்கும் சொல்லிக் குடேன்" என்று சந்தையில் சிரித்தார்கள்.

"எழுத்து அழகாயிருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்குத்தான் படிக்கத் தெரியலை" என்றாள் தோம், மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டே. லுவா இரண்டு கடை தள்ளிக் கீரை வாங்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. மீதிச் சில்லறையையும் வாங்காமல் நடந்தாள்.

அடுத்த மாதம் ஊர்க்கோயிலில் காவல் தெய்வத்துக்குப் படையல். இன்ன மாகாணம், இன்ன நகரம், இன்ன வார்டு என்று முகவரியை முழுசாக வாசித்துத்தான் தெய்வத்தை அழைப்பார்கள். முகவரி தப்பினால் படைக்கிற வறுத்த பன்றி யாருக்குப் போய்ச் சேரும் என்று யாருக்குத் தெரியும். வாசிப்பவர் கியெம் கிழவர், ஆறாமவர், அவரும் மிதவை வீட்டுக்காரர்தான். கறுப்பு அங்கி, தலைப்பாகையோடு மண்டியிட்டுப் புதுப் பெயரை வாசித்தார். "இந்தப் பெயரை எங்கள் அறுபத்திரண்டு வீடும் ஒரே மனதாய் ஏற்று" என்ற இடம் வந்ததும் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார்.

"நாலாமவளே, இங்க வா. இந்த வரியை நீ வாசி."

"பொம்பளைங்க வாசிக்கிற வழக்கமில்லையே, பெரியப்பா."

"பொய் வாசிக்கிற வழக்கம் எனக்குமில்லை. நீ என் வீட்டுப் பலகையை மிதிக்கவேயில்லை. ஆனா என் மனசு உனக்குத் தெரிஞ்சிருக்கு. நீயே தெய்வத்துக்கிட்ட சொல்லிடு."

மேளக்காரன் குச்சியைக் கீழே வைத்துவிட்டான். ஊதுவத்திப் புகை அவள் கண்ணுக்கு நேரே வந்தது. காகிதத்தை வாங்கினாள், எழுத்து கண்ணில் நிற்கவில்லை.

"ஐம்பத்தொண்ணுதான்" என்றாள். "பதினொண்ணு நான் எழுதினது. மழைன்னு போகலை." கொஞ்சம் நின்றாள். "மழைகூடக் காரணமில்லை. ஹோவாய் முன்னாடி தோத்துடக் கூடாதுன்னு."

ஹோவாய் தன் செருப்பைப் பார்த்தாள். கியெம் காகிதத்தைத் திரும்ப வாங்கி, "ஐம்பத்தோரு வீடு" என்று வாசித்து, மேலே போனார். பந்தியில் யாரும் அவளைத் திட்டவில்லை. எப்போதும்போல அவள் கிண்ணத்தில் கறித்துண்டை எடுத்து வைத்தார்கள். அவள் அதைத் தொடாமலே எழுந்தாள்.

மறுநாள் பாராட்டுப் பத்திரத்தைச் சுருட்டிக்கொண்டு வார்டு அலுவலகத்துக்குப் போனாள். அலுவலகம் இடம் மாறுவதால் அங்கிருந்த அதிகாரி பாதிச் சாமான்களைப் பெட்டியில் கட்டிவிட்டிருந்தான்.

"அத்தை, பட்டியல் மேல போயாச்சு. அந்தப் பதினொண்ணும் 'இல்லை'ன்னாலும் ஒண்ணும் மாறப்போறதில்லை. பத்திரத்தைக் கொண்டுபோய் மாட்டுங்க."

ஒன்றும் மாறாது என்றதும் அவள் முகம் இன்னும் சுண்டிப்போனது. ஒன்றையும் மாற்றாத ஒரு வார்த்தை, அதைக்கூட அவர்கள் வாயால் சொல்ல விடாமல் பிடுங்கிக்கொண்டாளே. பத்திரத்தை அவன் பெட்டிமேல் வைத்துவிட்டு, நிரப்பாத சம்மதத் தாள் பதினொன்று கேட்டு வாங்கினாள்.

பலகைப் பாலத்தில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். ஒன்பது வீட்டில் சம்மதம் என்றே போட்டுக் கொடுத்தார்கள். அதில் ஒருத்தி மட்டும், "இதையும் நீயே போட்டிருக்கலாமே அக்கா, உனக்குத்தான் பழகின கையாச்சே" என்றாள். லுவா தாளை வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.

கியெம் கிழவர் நிதானமாகப் பேனாவைத் திறந்து, சம்மதமில்லை என்ற கட்டத்தில் கோடிழுத்தார்.

"அப்பவே வந்து கேட்டிருந்தா சரின்னுதான் போட்டிருப்பேன். இப்ப இல்லை."

"சரி பெரியப்பா."

கடைசி வீடு தோமுடையது. தோம் மீனுக்குத் தீனி உருட்டிக்கொண்டிருந்தாள். கையைக் கழுவவில்லை.

"படி. முழுசாப் படி. எனக்கு இதுவரை யாரும் எதையும் முழுசாப் படிச்சுக் காட்டினதில்லை."

லுவா பலகையில் உட்கார்ந்து, மேலே உள்ள உத்தரவு எண்ணிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தாள். நடுவில் தோம் இரண்டு இடத்தில் நிறுத்தி அர்த்தம் கேட்டாள். ஓர் இடத்துக்கு லுவாவுக்கே அர்த்தம் தெரியவில்லை, தெரியாது என்று சொன்னாள்.

"இன்னிக்கு ஒண்ணும் சொல்லத் தோணலை" என்றாள் தோம். "யோசிக்கிறேன். நாளைக்கு வா."

லுவா மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும்.